முதல் வெள்ளம் மீனுக்கு

தாராவியில் சொர்ணம்மாளிடம் திட்டு வாங்காத ஒருத்தரைக் காட்டுங்கள் பார்ப்போம். மீன் வாங்க வந்து செவுளைப் பத்துத் தடவை பிதுக்கிப் பார்த்தவர்கள், பஸ்ஸில் கூடையை நகர்த்தச் சொன்ன கண்டக்டர், வரிசையில் நிற்காமல் குழாயடியில் குடத்தை நுழைத்தவள், எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அவள் ஆயுசில் அதிகமாகத் திட்டியது ஒரே ஒரு ஆளைத்தான். தன்னைத்தான். காரணம் ஒரு குலவை.

அவள் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கத்துக்காரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் புருஷன் ஆறுமுகநயினாரோடு பம்பாய்க்கு வந்தாள். அவன் தோல் பதனிடும் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் வெந்து, ஐம்பத்தேழில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஒரே மகளை ஆண்டாப் ஹில்லில் கட்டிக்கொடுத்துவிட்டு இவள் மீன்கூடையைத் தூக்கினாள். கடல்மீன் பக்கம் போக முடியாது. அது கோலி மீனவப் பெண்களின் வியாபாரம், குறுக்கே போனால் கொண்டையைப் பிடித்துவிடுவார்கள். மிச்சம் இருந்தது ஆற்று மீன். அவர்கள் குப்பமான கோலிவாடாவில் பிகா என்று ஒருவன், குர்லா வரைக்கும் ஆற்றில் வலை போடுகிற ஒரே ஆள், அவனிடம் வாங்கி விற்றாள். மழைக்காலத்தில் கடல் படகெல்லாம் கரையேறிவிடும். அந்த மூன்று மாதமும் தாராவியில் மீன் என்றால் சொர்ணம்மாள் கூடைதான். அதில்தான் அவளுக்கு வருஷம் ஓடியது.

மித்தி ஆற்றை இன்றைக்குப் பார்க்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள், அதனால் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடையில் ஆறு என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்காது. மாஹிம் பக்கமிருந்து கடல் ஏறும்போது சேற்றைக் கொண்டுவரும், இறங்கும்போது பாதியைப் போட்டுவிட்டுப் போகும். அதற்கு மேல் பட்டறைக் கழிவு, சாக்கடை. ஆனால் ஜூனில் முதல் மழை பிடித்ததும் மலையிலிருந்து ஒரு வெள்ளம் வரும் பாருங்கள், எட்டு மாதச் சேற்றையும் வழித்துக் கடலில் தள்ளிவிட்டுத்தான் ஓயும். குர்லாவுக்கு மேலே ஆறு வளைகிற இடத்தில் சரளைக்கல் தரை பளிச்சென்று தெரியும். மீன் காத்துக் கிடப்பது அந்தக் கல்லுக்காகத்தான். வயிறு முட்டச் சினையோடு கெண்டை வெள்ளத்தை எதிர்த்து ஏறிவந்து அந்தக் கல்லில் முட்டையிடும். கல்லுக்கு இடையே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டை பொரிக்கும். சேறு மூடினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

பிகாவுக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் வெள்ளம் மீனுக்கு. அந்த நான்கைந்து நாளும் அவன் வலையைத் தொட மாட்டான், சொர்ணம்மாள் கூடையைத் தொட மாட்டாள். "பிள்ளைத்தாச்சிய வழி மறிச்சா வெளங்குமா?" என்பாள், சினைமீன் கேட்டு வருகிறவர்களிடம். அதற்கு மேலும் கேட்டால் வேறு வார்த்தை வரும்.

அறுபத்திரண்டில்தான் பவாய்க்குக் கீழே சாய ஆலைக்காரர்கள் ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். கல் சுமந்தவர்களில் பாதிப் பேர் தாராவியின் திருநெல்வேலிக்காரர்கள். சொர்ணம்மாளின் கொழுந்தன் பூதத்தானுக்கு அங்கே ஷட்டர் ஏற்றி இறக்குகிற வாட்ச்மேன் வேலையே கிடைத்துவிட்டது. அணைக்குப் பக்கத்தில் விக்ரோலியில் குடியிருந்தவன், அங்கிருந்து ஓடோடி வந்தான்.

"மைனி, அணை முடிஞ்சிட்டு! தேங்கா ஒடைக்கணும். பொம்பளையாளுகள கூட்டிட்டு வாங்க."

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களுக்கு அணை என்றால் சாமி. அணை இருந்தால் வயல் விளையும், குளம் பெருகும், குளத்தில் மீன் இருக்கும். வேறு மாதிரி அணையும் உலகத்தில் உண்டு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? இருபது பெண்கள் பொங்கல் பானையும் எலுமிச்சை மாலையுமாக பஸ் ஏறிப் போனார்கள். அணைக்குக் கீழே வயல் இல்லை, குளம் இல்லை. தண்ணீரெல்லாம் பெரிய குழாய் ஒன்றின் வழியாக ஆலைக்குள் போனது. அதைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்தும் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. சொர்ணம்மாள் முன்னால் நின்று குலவை போட்டாள். ஆலைக்காரர்கள் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். கைதட்ட மாட்டார்களா பின்னே? கழுத்தை அறுக்கப் போகிறவனுக்குக் கத்தியைக் கழுவித் தந்துவிட்டல்லவா போகிறார்கள் இவர்கள்!

அடுத்த ஜூனில் மழை பெய்தது, வெள்ளம் வரவில்லை. பெய்ததெல்லாம் அணைக்குப் பின்னால் தேங்கியது. ஜூலை பிறந்து அணை வழிந்த பிறகுதான் கீழே தண்ணீர் வந்தது. அதற்குள் ஏற வந்த கெண்டை காத்துக் காத்துச் சேற்றுத் தண்ணீரிலேயே சினையைக் கொட்டிவிட்டது. அடுத்த வருஷமும் அப்படியே. ஒவ்வொரு கோடையிலும் கடல் கொண்டுவந்து போட்ட சேறு போட்ட இடத்திலேயே இறுகியது. அதில் புல் முளைத்தது. ஆறு பாதியாகச் சுருங்கியது. அறுபத்தைந்தில் ஆடி மழை கொட்டியபோது ஓட வழியில்லாமல் தண்ணீர் குடிசைகளுக்குள் புகுந்தது. ஆற்றில் தண்ணீரைக் குறைத்ததால் அடுப்படியில் தண்ணீர்! இந்த அநியாயத்தை எந்த ஆபீசில் போய்ச் சொல்ல?

அந்த மழையில் ஒருநாள் பிகா அவளைப் படகில் ஏற்றி ஆற்று வளைவுக்குக் கூட்டிப்போனான். மூங்கில் கழியை இறக்கினான். முன்பெல்லாம் டக்கென்று கல்லில் இடிக்கும். இப்போது ஒரு முழம், இரண்டு முழம் என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"பத்தர் கிதர் கயா, வஹினி?" என்று கேட்டான். கல் எங்கே போய்விட்டது அண்ணி என்று கேட்கிறான், குழந்தை மாதிரி. கல் எங்கே போகும்? அடியில் புதைந்து கிடந்தது. சொர்ணம்மாளுக்கு அப்போதுதான் பொறிதட்டியது. தான் குலவை போட்டது எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது. வீடு வரும்வரை தலையில் அடித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாளே விக்ரோலிக்குப் போய்ப் பூதத்தானைப் பிடித்தாள்.

"ஏலே, ஒங்க அணையில மணல்போக்கி உண்டா இல்லையா?"

மணல்போக்கி என்றால் அணையின் அடிமட்டத்தில் இருக்கிற வழி. வெள்ளம் வரும்போது அதைத் திறந்துவிட்டால், தேங்கின வண்டலையும் அடித்துக்கொண்டு தண்ணீர் கீழே பாயும். அவள் பிறந்த ஊர் அணையில் உண்டு.

"உண்டு மைனி. ஆனா தொறக்கக் கூடாதுன்னு ஆர்டர்."

"எந்த மூதி போட்ட ஆர்டர்?"

"மெல்லப் பேசுங்க மைனி. நெல்லையப்பன் சார்."

நெல்லையப்பன் ஆலைக்குத் தண்ணீர் வழங்கும் பகுதியின் சூப்பர்வைசர். குடும்பமே மாட்டுங்காவில் முப்பது வருஷமாக இருக்கிறது. சரி, நம்ம ஜில்லாக்காரர், தமிழில் சொன்னால் புரியும் என்று நினைத்தாள். தோல்பை பட்டறை வைத்திருந்த ஜெயினுலாப்தீனுக்கு இங்கிலீஷ் எழுத வரும். அவரிடம் போய் மனு எழுதச் சொன்னாள். முதல் வெள்ளத்துக்கு மணல்போக்கியைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"எத்தன நாளைக்குன்னு போடட்டும், தங்கச்சி?"

"அது எதுக்கு அண்ணாச்சி? தொறந்தாப் போதும்."

அங்கேதான் விழுந்தாள். அவள் ஊரில் மணல்போக்கியைத் திறந்தால் வெள்ளம் வடிகிற வரை யாரும் மூடுவதில்லை. மூடுவான் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள்.

நெல்லையப்பன் மனுவை இரண்டு தடவை படித்தார். பிறகு அவளுக்கு ஒரு டீ வரவழைத்தார்.

"தாராளமா திறந்துடலாம்மா. நீங்க கேட்கிறது ரொம்ப நியாயமான விஷயம். பப்ளிக் ரிக்வெஸ்ட்னு ஃபைல்லயே போட்டுடறேன்."

இத்தனை சுலபமாக ஒருவன் தலையாட்டினால் ஏன் என்று யோசிக்க வேண்டாமா? அவள் யோசிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "நல்லா இருப்பிய" என்று வாழ்த்திவிட்டு வந்தாள். அவள் வாயிலிருந்து வாழ்த்து வருவது லேசில் நடக்கிற காரியமா? அதையும் கொண்டுபோய் யாருக்குக் கொடுத்திருக்கிறாள் பாருங்கள்.

அறுபத்தாறு ஜூனில் முதல் மழை வந்தது. காலை ஏழு மணிக்குப் பூதத்தான் மணல்போக்கி ஷட்டரை ஏற்றினான். நான்கு வருஷ வண்டல், சாயக்கசடு எல்லாம் சேர்ந்து கரேலென்று கூழாகப் பாய்ந்தது. ஆலைக் குழாயின் வாயை வண்டல் அடைத்துக்கொண்டிருந்தது இரண்டு வருஷமாக. அதை ஆற்றில் தள்ளினால் கீழே இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்களே, பழியை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் இவள் மனு கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். மத்தியானம் குழாய் வாய் சுத்தமானது. நெல்லையப்பன் கையைக் காட்டினார். ஷட்டர் இறங்கிவிட்டது.

வண்டலைக் கிளப்பிவிட்டார்கள். அதைக் கடல்வரை கொண்டுபோகத் தண்ணீரை விடவில்லை. எங்கே போய் உட்காரும் அது? வளைவில்தான் உட்கார்ந்தது. பழைய சேற்றுக்கு மேலே முழங்கால் ஆழத்துக்குப் புதுச் சேறு. அந்த அரைநாள் தண்ணீரை நம்பி ஏறிவந்த கெண்டைகள் செவுளெல்லாம் கறுப்பு அப்பி, சினை வயிற்றோடு கவிழ்ந்து மிதந்தன. பிகா இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். ஐம்பது வயது ஆம்பிளை, வாய்விட்டு அழுதான்.

கோலிவாடாவிலிருந்து பத்துப் பேர் திரண்டு ஆலை ஆபீசுக்குப் போனார்கள். நெல்லையப்பன் கோபப்படவே இல்லை. ஃபைலை எடுத்து விரித்துக் காட்டினார். உங்கள் தாராவிப் பெண்பிள்ளைதான் கேட்டாள், நாங்கள் திறந்தோம், இதோ கைநாட்டு.

அன்றைக்குச் சாயங்காலம் பிகா கடைத்தெருவுக்கே வந்தான். அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவளுடைய வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான்.

"யே தேரா ஹை?"

உன்னுடையதுதானா என்று கேட்டான். ஆமாம் என்றாள். கையை விட்டுவிட்டு எழுந்து போனான். அதற்கப்புறம் அவன் அவளுக்கு மீன் தரவில்லை. தர மீனும் இல்லை, அது வேறு விஷயம்.

அந்த வருஷம் அவள் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தாள். தேய்க்கிற பாத்திரத்தில் நெல்லையப்பன் முகம் தெரிந்ததோ என்னவோ, அண்டா எல்லாம் நசுங்கியது என்று வீட்டுக்காரிகள் புகார் சொன்னார்கள். ஊரை ஏய்க்கிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் ஒருத்தி கைநாட்டை வைத்தே அவள் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு, அவளையே குற்றவாளியாகவும் நிறுத்துகிற சாமர்த்தியம் படித்தவனுக்குத்தான் வரும்.

அறுபத்தேழு ஜூன். வானம் இருட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே பஸ் பிடித்து அணைக்குப் போய்விட்டாள். போன வருஷ ருசி கண்ட ஆலைக்காரர்கள் இந்த வருஷமும் அதே ஆர்டர்தான் போட்டிருந்தார்கள். காலையில் திறப்பது, குழாய் வாய் சுத்தமானதும் மூடுவது.

பூதத்தான் இரும்புக் கைப்பிடியைத் தண்டில் மாட்டித் திருகிக்கொண்டிருந்தான். அதை அங்கே ஹேண்டில் என்பார்கள். உலக்கை கனம் இருக்கும். அது இல்லாமல் அந்த ஷட்டரை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

"இன்னைக்கு மூடாத, கேட்டியா? அஞ்சு நாள் கெடக்கட்டும்."

"எஞ் சோலிய முடிச்சிராதிய மைனி. பொம்பளப்புள்ள ரெண்டு வச்சிருக்கேன்."

"நீயெல்லாம் ஒரு ஆம்பள! ஒங்க அண்ணன் இருந்தா ஒன்னயப் பாத்துக் காறித் துப்பியிருப்பாவ."

பூதத்தான் திருகிக்கொண்டே இருந்தான். மத்தியானம் குடை பிடித்தபடி நெல்லையப்பன் வந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னம்மா, இந்த வருஷமும் திறந்தாச்சு. திருப்திதானே?"

"அஞ்சு நாள் விடுங்க. ஆத்துல சேறு போயிக் கல்லு தெரியட்டும். மீன் ஏறி முட்ட போட்டுட்டுப் போவட்டும். பொறவு வருசம் பூரா மூடிக்கிடுங்க, யாரு கேக்கா?"

"மீனுக்காக மில்லை நிறுத்த முடியுமாம்மா? நீங்க படிக்காதவங்க, இது டெக்னிக்கல் மேட்டர். பூதத்தான், க்ளோஸ் பண்ணு."

பூதத்தான் ஹேண்டிலை எடுத்துத் தண்டில் மாட்டப் போனான். படிக்காதவள் எழுந்தாள். அவன் கையிலிருந்து ஹேண்டிலைப் பிடுங்கி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, ஆறு கொதித்துப் பாய்கிற இடத்தில் வீசினாள். ஒரு தடவை மினுங்கியது. பிறகு தண்ணீர்தான்.

"இப்ப மூடுல பாப்போம்! பேதியில போவான், மூடு!" என்று கத்தினாள்.

நெல்லையப்பனுக்குக் குடை கையிலிருந்து நழுவிவிட்டது. போலீஸ் வந்தது. பூதத்தான் கைகூப்பிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், எல்லாம் இவ பண்ணுனது" என்று ஹிந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றி அழுதான். அவள் ஜீப்பில் ஏறும்போது அவனைப் பார்த்து, போலீஸ்காரனே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி ஒன்று சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

இரண்டு நாள் வைத்திருந்து, இனிமேல் அணைப் பக்கம் வந்தால் உள்ளே போட்டுவிடுவோம் என்று மிரட்டி அனுப்பினார்கள். வெளியே வந்ததும் ஷட்டர் என்ன ஆச்சு என்றுதான் கேட்டாள். திறந்தே கிடந்தது! புது ஹேண்டில் வார்த்துத்தரப் பத்து நாள் ஆகும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். தாராவிக்கு வந்து சேர்ந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. தெருத்தெருவாகப் போய்ப் பூதத்தானைத்தான் திட்டினாள். காட்டிக்கொடுத்தவன், கோழை, அண்ணன் சாம்பல் ஆறுமுன்னே ஆலைக்காரன் காலை நக்கினவன். கேட்காதவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

நாலாம் நாள் பிகா வந்தான். ஒரு வருஷம் கழித்து. வா என்று கூப்பிடவில்லை, தலையை மட்டும் அசைத்தான். பின்னாலேயே போனாள். வளைவில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்து போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் கழியை விட்டான். டக்கென்று இடித்தது. குனிந்து ஒரு கல்லை எடுத்துத் திருப்பினான். அடியில் கடுகு கடுகாக முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பிகா கல்லை எடுத்த இடத்திலேயே பதமாக வைத்தான்.

ஆறாம் நாள் ஷட்டர் இறங்கிவிட்டது. இத்தனை சீக்கிரம் எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் பிகா, போதும், பொரித்திருக்கும் என்றான்.

ஒரு வாரம் போயிருக்கும். பிகா மறுபடியும் மீன் தர ஆரம்பித்திருந்தான். பூதத்தான் பெண்டாட்டி இசக்கி தலைவிரிகோலமாகக் கடைத்தெருவுக்கு வந்தாள். வந்த வேகத்தில் சொர்ணம்மாளின் மீன்கூடையைக் காலால் எத்திவிட்டாள்.

"எங் குடியக் கெடுத்துட்டியளே! அவியளுக்கு வேல போச்சு. சந்தோசமா? ஊரு பூரா கோழ, கோழன்னு சொல்லிக்கிட்டு அலைஞ்சியளே, இப்பச் சொல்லுங்க!"

"அதுக்கு நான் என்ன செய்வேன்? ஹேண்டில எறிஞ்சது நான்னு போலீசுக்கே தெரியும்லா?"

"எறிஞ்சதுக்குப் போவல! ஸ்டோர் புஸ்தகத்துல ரெண்டு ஹேண்டில் குடுத்ததா எழுதியிருக்கு. ஆறாம் நாள் அதப் பாத்துட்டு வந்து வீட்டச் சோதன போட்டானுவ. இன்னொண்ணு எங்க அரிசிப்பானைக்குள்ள கெடந்துச்சு. அன்னைக்கு மத்தியானமே கொண்டாந்து பொதச்சு வச்சிருக்காவ. எனக்கே தெரியாது!"

சொர்ணம்மாள் வாயடைத்து நின்றாள். தாராவி அதைப் பார்த்ததே இல்லை. சிந்தின மீனைப் பொறுக்கக்கூட இல்லாமல், அப்படியே பஸ் ஏறி விக்ரோலிக்குப் போனாள்.

பூதத்தான் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பீடியை அணைத்துவிட்டு எழுந்தான்.

"வாங்க மைனி."

"ஏலே! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? வாய்க்கு வந்தபடியெல்லாம் ஏசிட்டனே, பாவி!"

பூதத்தான் தலையைச் சொறிந்தான்.

"ஒங்ககிட்டயா? சொன்னா ரெண்டு நாளைல ஊரு பூரா சொல்லிருவிய, மைனி. ஆறு நாள் தாங்குமா?"

அவனை அறைய வேண்டும் போல இருந்தது சொர்ணம்மாளுக்கு. அறையவில்லை. அவன் காலடியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவன் சொன்னது முழுக்க முழுக்க உண்மை.